சாம்பார் வரியை நீக்கக் கோரி

இணையக் கலைக்களஞ்சியத்தில் எங்கள் ஊர்ப் பக்கத்தைக் காத்துவரும் திரு. ராமதாஸ் அவர்களுக்கு, அடி அண்ணாமலையில் மாவு மில் வைத்திருக்கும், ஒன்பதாவது வரை படித்த தருமன் வணங்கி எழுதிக்கொள்வது. இங்கு என்னைத் தவிர அனைவரும் நலம். தாங்கள் நலமாகவும் கொஞ்சம் இரக்கமாகவும் இருக்க வேண்டுகிறேன்.

எங்கள் ஊரைப் பற்றி அதில் இரண்டே வரி இருந்தது. 'இதை மேம்படுத்த நீங்களும் உதவலாம்' என்று கீழே போட்டிருந்ததை, என்னைப் பேர் சொல்லிக் கூப்பிட்டதாகவே எடுத்துக்கொண்டு, வேங்கிக்கால் பிரவுசிங் சென்டருக்கு சைக்கிள் மிதித்து, பஸ் நேரம், ஏழு கிணறு எல்லாம் ஏற்றினேன். அதே ஜோரில், பௌர்ணமிக்குக் கிரிவலம் வருகிறவர்களுக்கு ராஜமாணிக்கம் போடும் அன்னதானத்தில் சாம்பார் கை கழுவத்தான் ஆகும் என்றும் ஒரு வரி சேர்த்தேன். தாங்கள் ஆதாரம் கேட்டீர்கள். 'நானே குடித்தேன், சித்திரைப் பௌர்ணமி, இரண்டு தொன்னை' என்று கொடுத்தேன். பெரிய மனசு பண்ணி விட்டுவிட்டீர்கள்.

போன வாரம் அதே ராஜமாணிக்கம், தன் மகன் முருகவேலுக்கு என் மகள் மணிமொழியைக் கேட்டு ஆள் அனுப்பினார். ஞாயிற்றுக்கிழமை பூ வைக்க வருகிறார்கள். மணிமொழிக்கும் பிடித்திருக்கிறது. பையனுக்கு பெங்களூரில் கம்ப்யூட்டர் வேலை; ஊர்ப் பேரைத் தட்டினால் முதலில் வந்து நிற்பது என் சாம்பார்தான். அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை. ஓடிப்போய் அழித்தேன், ஐந்தே நிமிஷத்தில் 'ஆதாரமுள்ள தகவலை நீக்காதீர்கள்' என்று திருப்பிப் போட்டீர்கள். கெட்டியான சாம்பார் என்று மாற்றினேன். அதற்கும் ஆதாரம் கேட்டீர்கள், பொய் சொல்ல மனசு வராமல் மறுபடி மறுபடி அழித்தேன். நாலாவது தடவை அழிச்சப்போ தடை பண்ணிடுவோம்னு எச்சரிக்கை வந்துச்சு, வாரண்ட்டுனு நினைச்சு ரெண்டு நாள் மில்லையே திறக்கலைங்க. வீட்டில் பச்சையம்மாள், "பொண்ணு ஜாதகத்தைத் தூக்கிட்டு அலைய வேண்டிய ஆளு, ஊரைத் திருத்தப் போனீங்களா? சாம்பார் தண்ணியா இருந்தா கீழ ஊத்திட்டு வரணும், உலகத்துக்கா சொல்லுவாங்க?" என்கிறாள். அவளிடம் ஆதாரம் கேட்க எனக்குத் தைரியமில்லை.

ஆகவே ஐயா, ஞாயிற்றுக்கிழமைக்குள்ள அந்த ஒரு வரியை மட்டும் எடுத்துடுங்க. ஏழு கிணத்தையும் வேணும்னாலும் எடுத்துக்குங்க. தங்கள் குடும்பம் தழைக்கவும், தங்கள் வீட்டுச் சாம்பார் என்றும் கெட்டியாக இருக்கவும் வாழ்த்தி,

தருமன்
ஆகஸ்ட் 2009

பின்குறிப்பு: இதைத் தங்களுக்குச் சேதி போடும் பேச்சுப் பக்கத்தில் ஏற்றிய சென்டர் பெண் சிந்துஜா, யார் வேண்டுமானாலும் இதைப் படிக்கலாம் என்பதை ஏற்றிய பிறகுதான் சொல்கிறாள். நான் நாற்காலியை விட்டு எழுவதற்குள் கீழே ஒரு பதில்: "மாமா, பயப்படாதீங்க. நம்ம ஊர்ப் பக்கத்தையும் இந்தப் பக்கத்தையும் நானும் தினம் பாக்குறேன். அந்த வரிக்கு ரெண்டாவது ஆதாரம் இப்பத்தான் சேர்த்தேன். எங்க வீட்லயும் அதே சாம்பார்தான். முருகவேல்."

வரி இருக்கட்டும் ஐயா. இனி அதை எடுத்தால் மாப்பிள்ளை கோபித்துக்கொள்வார்.