பச்சை முத்திரை பூட்ஸ்

பனிக்காலத்தில் மனிதனுக்குக் கால் குளிரும் என்கிற உண்மையை மாவட்ட வேட்டை அலுவலகம் போன வருஷம்தான் கண்டுபிடித்தது. கண்டுபிடித்த பிறகு சும்மா இருக்க முடியுமா? உடனே 'பாத வெப்பப் பாதுகாப்புப் பிரிவு' என்று ஒன்றைத் தொடங்கினார்கள். அதற்கு ஒரு கட்டடம், ஓர் அதிகாரி, அறை முழுக்கச் சூடேற்றும் நல்ல கணப்பு. அதிகாரியைக் கணப்புக்குப் பக்கத்தில் உட்கார வைத்து, சந்தையில் உள்ள பூட்ஸ்களை ஒவ்வொன்றாக மாட்டிப் பார்த்தார்கள். எதிலுமே கால் குளிரவில்லை. ஆகையால் அவற்றுள் பார்க்க லட்சணமாக இருந்த ஒன்றுக்குப் பச்சை முத்திரை குத்தி, இனி மூஸ் மான் வேட்டைக்குப் போகிற சகலரும் இதையே அணிய வேண்டும் என்று ஆணை பிறப்பித்தார்கள்.

கர்ஹுசுவோ ஊர் வேட்டைக் குழுவில் இருந்த அவுலிஸ் ஆணையைப் படித்துவிட்டுத் தன் காலைக் குனிந்து பார்த்தார். அவருடைய பழைய பூட்ஸ் காலை விட இரண்டு அளவு பெரியது. உள்ளே தடித்த கம்பளி அட்டை, அதன்மேல் மனைவி ஹெல்வி பின்னிய இரண்டு ஜோடி காலுறை, அதற்கும் மேல் விரல்களை ஆட்டிக்கொண்டிருக்கத் தாராளமாக இடம். நடந்து போகும்போது காலுறை வேர்வையில் நனைந்தால், உட்காரும் இடத்தில் காய்ந்ததாக மாற்றிக்கொள்வார். காலுக்கடியில் ஊசியிலைக் கிளைகளைப் பரப்பிக்கொள்வார். பிறகு எத்தனை நேரமானாலும் ஆடாமல் அசையாமல் இருப்பார். என்ன, நடந்து வந்தால் இரண்டு வாளிகள் நடந்து வருகிற மாதிரி இருக்கும்.

அசையாமல் இருப்பதுதான் அங்கே முக்கியம். நாய்கள் மானை விரட்டி வரும். ஆட்கள் காட்டோரம் வரிசையாக, ஆளுக்கொரு இடத்தில் காத்திருப்பார்கள். அவுலிசின் இடம் சதுப்புக்கும் பைன் மேட்டுக்கும் நடுவே இருந்தது. மான் எந்தப் பக்கம் கிளம்பினாலும் கடைசியில் அந்த வழியாகத்தான் வரும். அந்த இடத்தை ஒவ்வொரு வருஷமும் பொறாமையோடு பார்த்துக்கொண்டிருந்தவர் அதே குழுவிலிருந்த பெர்த்தி. அந்தக் குழுவில் ஒரு வழக்கம் உண்டு. "குளிருது" என்று வாய் திறந்து சொன்னவனுடைய இடம் அன்றோடு போச்சு, அடுத்தவனுக்குக் கொடுத்துவிடுவார்கள். அதனால் அந்த ஊரில் இதுவரை ஆண்பிள்ளை எவனுக்கும் குளிர்ந்ததே இல்லை.

அவுலிஸ் கடைக்குப் போனார். புது பூட்ஸ் ஒல்லியாக, பளபளவென்று, கணுக்காலைக் கவ்விப் பிடித்தது.

"கொஞ்சம் பெரிசா இருக்கா?"

"பெரிசு போட்டா விதி மீறல் சார்," என்றான் கடைக்காரன். "தலைநகரம் ஹெல்சிங்கில இப்ப எல்லாரும் இதைத்தான் போடுறாங்க."

"அங்க என்ன வேட்டை?"

"காரை விட்டு இறங்கி காபிக் கடைக்குப் போவாங்க சார்."

அவுலிஸ் கண்ணாடியில் பார்த்தார். கால் வலித்தது உண்மைதான். ஆனால் பத்து வயது குறைந்த மாதிரி இருந்ததும் உண்மை. வாங்கிக்கொண்டு வந்தார்.

ஹெல்வி அதை இரண்டு விரலால் தூக்கிப் பார்த்தாள். "இதுல ஒரு காலுறையே நுழையாதேய்யா. இதைப் போட்டுட்டு பூஜ்யத்துக்குக் கீழ இருபது டிகிரில உட்காரப் போறியா? விரலை எல்லாம் அங்கயே விட்டுட்டு வந்திடாதே."

"சட்டம்னா சட்டம்தான்."

"சட்டத்துக்கு என்ன, அதுக்குக் காலா இருக்கு?" என்றவள், புது பூட்ஸின் பச்சை முத்திரையைப் பிய்த்துப் பழைய வாளிகளில் தைத்துக் கொடுத்தாள். புதியதைக் காரில் போட்டு வைத்தாள், எதற்கும் இருக்கட்டும் என்று.

வேட்டை நாள் காலை எல்லாரும் நெருப்பைச் சுற்றி நின்று காபி குடித்துக்கொண்டிருந்தபோது, பாத வெப்ப அதிகாரி லிண்ட்மன் நேரில் எழுந்தருளினார். அவருடைய பூட்ஸும் ஒல்லிதான், மற்றவர்களுடையதை விடப் பளபளப்பு. வரிசையாக ஒவ்வொருவர் பூட்ஸுக்குள்ளும் குதிகாலோரம் விரலை நுழைக்கப் பார்த்தார். யாருடையதிலும் நுழையவில்லை. திருப்தியாகத் தலையசைத்தார். அவுலிசிடம் வந்ததும் விரல் என்ன, கையே உள்ளே போயிற்று.

"இதென்ன, இவ்வளவு வெற்றிடம்?"

"அந்தக் காத்துதான் சார் சூட்டைப் பிடிச்சு வைக்கும்."

"காற்று வெளியிலயும்தான் இருக்கு. அது சூடாவா இருக்கு?"

பெர்த்தி தொண்டையைச் செருமினார். "என்ன அவுலிசு, உனக்குக் குளிருமோன்னு பயமா? சொல்லிடு, நான் வேணா உன் இடத்துல உட்கார்றேன்."

"எனக்கா? குளிரா? போடா!" என்று அவுலிஸ் காருக்குப் போய் பூட்ஸை மாற்றினார். முத்திரை பிய்ந்த இடத்தைப் பார்த்து அதிகாரி முகம் சுளித்தார். அவுலிஸ் பழைய பூட்ஸில் தைத்திருந்த முத்திரையைப் பிய்த்து நீட்டியதால், அதைச் சட்டைப் பையில் வைத்துக்கொள்ள விசேஷ அனுமதி வழங்கினார். கள ஆய்வு நடத்த வேண்டும் என்று சொல்லி அவுலிசுடனேயே கிளம்பினார்.

இருவரும் ஊசியிலை மரத்தடியில் உட்கார்ந்தார்கள். முதலில் சுண்டுவிரல் போயிற்று. அப்புறம் மற்றவை ஒவ்வொன்றாக விடைபெற்றன. அவுலிஸ் உள்ளே விரலை ஆட்டப் பார்த்தார். ஆட்ட இடமில்லை.

"கால் எப்படி இருக்கு?" என்று அதிகாரி கிசுகிசுத்தார்.

"கதகதப்பா இருக்கு சார். உங்களுக்கு?"

"எனக்கும்தான்." அவருக்குப் பல் தந்தி அடித்தது. "சொல்லப்போனா... சூடு கொஞ்சம் ஜாஸ்தியா இருக்கு."

"ஆமா சார். எரியுது."

"எரியுதுன்னா, கழற்றிக் கொஞ்சம் ஆற விடறதுதானே முறை?"

"அதானே சார் நியாயம்!"

அடுத்த நொடி நான்கு பூட்ஸும் பனியில் கிடந்தன. அதிகாரி தன் ரோமத் தொப்பிக்குள் ஒரு காலையும் கையுறைக்குள் இன்னொரு காலையும் திணித்துக்கொண்டார். அவுலிஸ் துப்பாக்கியை மரத்தில் சாய்த்துவிட்டு, இரண்டு கையையும் காலுறைக்குள் விட்டுப் பாதங்களைப் பரபரவென்று தேய்த்தார். உயிர் வருகிற வலியில் கண்ணில் தண்ணீர் வந்தது.

அப்போதுதான் மூஸ் மான் வந்தது. குதிரை உயரம், கொம்பு கதவு அகலம். பத்தடி தூரத்தில் நின்று, தொப்பியில் கால் வைத்திருந்த மனிதரையும், காலைப் பிடித்துக்கொண்டு அழுத மனிதரையும் நிதானமாகப் பார்த்தது. அவுலிசின் கை காலுறைக்குள் மாட்டிக்கொண்டிருந்தது. மான் அவசரப்படாமல் கிளம்பிற்று. பின்னாலேயே வந்த நாய் ஒரு கணம் நின்று இவர்களைப் பார்த்துவிட்டு, வெறுங்காலோடு பனியில் ஓடிப்போயிற்று.

ரேடியோவில் குழுத் தலைவர் ரெய்யோவின் குரல் கேட்டது. "அவுலிசு, அந்தப் பக்கம் ஏதாச்சும்?"

"இங்க ஒண்ணும் வரலண்ணே."

"இங்கயும் வரல," என்றார் பெர்த்தி. மற்றவர்களும் அப்படியே சொன்னார்கள். எல்லார் குரலும் லேசாக நடுங்கியது.

மாலையில் தடம் பார்த்துக்கொண்டே எல்லாரும் நடந்தார்கள். மான் ஒருவரையும் விட்டுவைக்கவில்லை, வரிசையாக எல்லார் முன்னாலும் போயிருந்தது. ஒவ்வொரு இடத்திலும் மான் தடத்துக்குப் பக்கத்தில் பனியில் பூட்ஸ் கழற்றி வைத்த இரண்டு குழி, காலுறையோடு குதித்த தடம். பெர்த்தியின் இடத்தில் அவர் குதித்திருந்த அளவுக்குத் திருவிழாவில்கூட யாரும் ஆடியிருக்க மாட்டார்கள். ரெய்யோவின் இடமும் அதே கதைதான். ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்கவில்லை.

நெருப்பருகே அதிகாரி லிண்ட்மன் எழுந்து நின்றார். "கள ஆய்வின் முடிவு தெள்ளத்தெளிவா இருக்கு. ஒருத்தர் பாக்கியில்லாம எல்லாரும் பூட்ஸைக் கழற்றியிருக்கீங்க. காரணம், பூட்ஸ் அளவுக்கு மீறிச் சூடு. அடுத்த வருஷம் காற்றோட்டத்துக்கு ஓட்டை போடப் பரிந்துரை செய்யப் போறேன். இதை ஒத்துக்கறவங்க கை தூக்கலாம்."

அவுலிசுக்கு நெஞ்சு பொங்கியது. எழுந்து, "சூடாவது மண்ணாவது, என் காலு செத்துப்போச்சுய்யா!" என்று கத்த வேண்டும் போலிருந்தது. வாயைக்கூடத் திறந்துவிட்டார். எதிரே பெர்த்தி அந்த வாயையே பார்த்துக்கொண்டிருந்தார். சதுப்பும், பைன் மேடும், நடுவே தன் இடமும் அவுலிசின் கண்முன் வந்தன.

வாயை மூடிக்கொண்டு கையைத் தூக்கினார். பெர்த்தியும் தூக்கினார். ரெய்யோ இரண்டு கையையும் தூக்கினார்.

மறு வருஷம் இலையுதிர் காலத்தில் கடையில் புது பூட்ஸ் வந்திறங்கியது. பக்கவாட்டில் வரிசையாக ஓட்டைகள். தலைநகரில் எல்லாரும் இதைத்தான் போடுகிறார்களாம். கடை வாசல் வரை ஊர் ஆண்கள் வரிசை நின்றது.

"போன வருஷத்தது ரொம்பச் சூடாமே சார்?" என்றான் கடைக்காரன்.

"தாங்க முடியல!" என்று அவுலிஸ் வரிசைக் கடைசி வரை கேட்கும்படி சொன்னார். பிறகு குரலைத் தாழ்த்தி, "பெர்த்தி வாங்கிட்டுப் போனதுல எத்தனை ஓட்டை?" என்று கேட்டார்.

"எட்டு சார்."

"எனக்குப் பத்து ஓட்டை உள்ளதா ஒண்ணு எடு."