துண்டுக்குள் முடிந்த சாப்பாடு

மரியாதைக்குரிய மச்சான் அவர்களுக்கு, தங்கள் தங்கச்சி வீட்டுக்காரன் வணங்கி எழுதுவது. இங்கே என் வயிறு தவிர மற்ற எல்லாரும் சௌக்கியம். அங்கே தாங்களும், தங்கள் மூட்டுவலியும், நான் ஒப்படைத்துவிட்டு வந்த ஆடுகளும் எப்படி இருக்கிறீர்கள் என்று அறிய ஆவல். இந்தக் கடிதத்தை உங்கள் தங்கச்சிக்குச் சத்தமாகப் படித்துக் காட்டவும். படிக்கக் கூடாத இடம் வந்தால் நானே சொல்லுகிறேன்.

நான் எதற்காக இந்த நாட்டுக்கு முன்னாடி அனுப்பப்பட்டேன் என்பது தாங்கள் அறிந்ததே. எங்கள் மகள் பாப்பா பிள்ளை உண்டாகியிருக்கிற நேரத்தில் தாய் பக்கத்தில் இருக்க வேண்டும். ஆனால் தாளிக்கிற வாடை பட்டாலே அவளுக்குக் குடலைப் புரட்டுகிறது, அதனால் இந்த வீட்டில் அடுப்பே பற்றவைப்பதில்லை, மாப்பிள்ளையும் நானும் கடையில் சாப்பிடுகிறோம், அவள் ரொட்டியைப் பிய்த்துப் பார்த்துவிட்டு வைத்துவிடுகிறாள். கன்னமெல்லாம் ஒட்டிப்போச்சு. இந்த வரிய உங்க தங்கச்சிக்குப் படிக்காதீங்க. கறி தொடாத அவளோ, "நான் கை நனைக்கிற மாதிரி ஒரு கடை இருக்கான்னு பாத்து எழுதுங்க. கறிச்சட்டியில வெந்த சோறுதான்னா நான் வரல, பிரசவத்த நீங்களே பாத்துக்கங்க"ன்னு வாசல்ல நின்னு சொன்னா. நீங்களும் பக்கத்துல நின்னு தலையாட்டினீங்க. ஆட்டுத் தரகன் பொண்டாட்டிக்கு இவ்வளவு ஆசாரமான்னு ஊரு கேக்கும். தினமும் தண்ணி காட்டுற முகத்த எப்படித் தின்றதுன்னு கேட்டா ஊருக்குப் பதில் வராது.

மாப்பிள்ளை கைப்பேசியப் பாத்து முதல்ல ஒரு கடைக்குக் கூட்டிட்டுப் போனாரு. கண்ணாடிக் கதவு, மேசைக்கு மேசை பூச்சாடி, பரிமாறுறவர் நம்ம சம்பந்தி கல்யாணத்துல உடுத்தினத விட நல்லா உடுத்தியிருந்தாரு. பெரிய தட்டுல தழை வந்துச்சு. வேற ஒண்ணும் இல்ல, தழைதான். தழையப் பத்தித் தெரியாதவனா நான்? நம்ம மூளிக்காது வெள்ளாடு இருந்துச்சே, ஒரு மழைக்காலத்துல வாடின கொப்ப நீட்டினேன்னு என்னைப் பாத்த பார்வை எனக்கு இன்னும் மறக்கல, அது இந்தத் தட்டப் பாத்திருந்தா முட்டியே இருக்கும். "நல்லா மென்னு சாப்பிடுங்க மாமா, உடம்புக்கு நல்லது"ன்னாரு மாப்பிள்ளை. "ஆடு இதத் தின்னுட்டுப் படுத்து அசைபோடும் மாப்ளே, எனக்கு அந்த வசதி இல்லையே"ன்னேன். அடுத்த கடையில ஒரு குழம்பு வந்துச்சு. மோந்து பாத்தேன். கெடா. வயசான கெடா, கடைசிக் காலத்துல யாரும் ஒழுங்கா தீனி வைக்கல. மாப்பிள்ளை போய் விசாரிச்சுட்டு வந்து, "கறி இல்லையாம் மாமா, கறி வெந்த தண்ணி மட்டும்தானாம்"னாரு. இன்னொரு கடையில பரிமாறுற அம்மா, கறி வேண்டாம்னதும் தட்ட உள்ள எடுத்துட்டுப் போய், துண்டத்த எல்லாம் பொறுக்கி எடுத்துட்டு அதே தட்டச் சிரிச்சுக்கிட்டே கொண்டுவந்து வச்சுது. நல்ல மனசு. அந்தச் சிரிப்புக்காக ஒரு வாழைப்பழம் கேட்டு வாங்கித் தின்னேன்.

இப்போ நல்ல சேதி. கடைசியா ஊர் ஓரத்துல ஒரு சின்னக் கடை. மாப்பிள்ளை வண்டி நிறுத்த இடம் தேடிப் போயிட்டாரு, நான் மட்டும் உள்ள போனேன். பருத்த சமையல்காரர் ஒருத்தர் வந்தாரு. அவர் பாஷை எனக்குத் தெரியாது. தலையில ரெண்டு விரல வச்சுக் கொம்பு காட்டினேன், ஆடு மாதிரி கத்தினேன், கழுத்துல விரல இழுத்துக் காட்டி, அதெல்லாம் வேண்டாம்னு தலையாட்டினேன். பால் தயிரு ஆகும்னு சொல்ல, பால் கறக்குற மாதிரி கைய அசைச்சேன். அவர் முகம் மலர்ந்துபோச்சு. சரி, விலை பேசலாம்னு நம்ம சந்தைப் பழக்கத்துல, பக்கத்து ஆளுக்குத் தெரியாம விரலப் பிடிச்சுப் பேசுவோமே, அதுக்குத் தோள் துண்ட எடுத்து அவர் கை மேல போட்டேன். மிரளுவாருன்னு பாத்தா, துண்டுக்குள்ள என் விரலப் பிடிச்சு அவரும் பதில் விலை சொல்றாரு மச்சான். எங்கேயோ சந்தையில வளந்த கை. எனக்குக் கண்ணு கலங்கிப்போச்சு. மாசச் சாப்பாட்டுக்குக் கொஞ்சம் கூடத்தான், ஆனா நல்ல சாப்பாட்டுக்குக் குடுக்கலாம். பணத்தக் குடுத்துட்டு, வழி தவறினா காட்டச் சொல்லி மாப்பிள்ளை என் பையில வச்சிருந்த விலாசச் சீட்டையும் காட்டினேன்.

மாப்பிள்ளை வந்தாரு. "என்ன மாமா பேசினீங்க?"

"மாசச் சாப்பாடு முடிச்சுட்டேன் மாப்ளே. வீட்டுக்கே வந்துரும்."

"பாஷை தெரியாமயா?"

"பாஷை தெரிஞ்ச நீங்கதான் எனக்குத் தழை வாங்கிக் குடுத்தீங்க."

ஆகவே மச்சான், கறிச்சட்டி வாடை இல்லாத சாப்பாடு ஏற்பாடாகிவிட்டது, உங்கள் தங்கச்சி தைரியமாகப் புறப்படலாம். பெரியவர்களுக்கு என் வணக்கம், சின்னதுகளுக்கு ஆசீர்வாதம், ஆடுகளுக்கு நேரத்துக்குத் தண்ணி.

இப்படிக்கு,
தங்கள் தங்கச்சி வீட்டுக்காரன்

பின்குறிப்பு: கடிதத்தை இன்னும் ஒட்டவில்லை. காலையில வாசல் மணி அடிச்சுது. சாப்பாடுதான்னு தட்டோட போய்க் கதவத் திறந்தா, அந்தச் சமையல்காரர் நிக்கிறாரு, அவர் கையில கயிறு, கயிறு முனையில ஒரு வெள்ளாடு. மடி நிறையப் பால். அன்னைக்குக் காட்டினத எல்லாம் நானே ஒருதடவ காட்டிப் பாத்தேன். கொம்பு, அறுக்காதது, பால் கறக்கிறது. அவர் மேல தப்பு இல்ல. மாப்பிள்ளை படிக்கட்டுல உக்காந்துட்டாரு. ஆட்டு வாடைக்குப் பாப்பா என்ன ஆவாளோன்னு நான் நடுங்குறேன், அவ உள்ளேயிருந்து வந்தா, அது கழுத்துல முகத்த வச்சுக்கிட்டுக் கொஞ்ச நேரம் நின்னா. அப்புறம், "பசிக்குதுப்பா"ன்னா. அடுப்பப் பத்தவச்சோம். தாளிக்காம, பாலும் சோறும். தட்ட வழிச்சுத் தின்னா. ஆகையால மேல எழுதின கடையெல்லாம் விட்டுருங்க, நம்ம அடுப்பு எரியுது, உங்க தங்கச்சிய உடனே அனுப்புங்க. வரும்போது நல்ல கயிறா ஒண்ணு கொண்டுவரச் சொல்லுங்க. அந்த ஆளு ஆட்டக் குடுத்துட்டுக் கயிற அவுத்துட்டுப் போயிட்டாரு. தொழில் தெரிஞ்சவன் வித்த ஆட்டோட கயிறக் குடுப்பானா? இப்போதைக்கு ஆடு குளியலறையில, என் துண்டுலதான் கட்டிக் கிடக்கு.