ராசியான சிலேட்டு

அந்தக் கடையில் டேப்லெட் வாங்குகிற எவரும், பணத்தைக் கட்டும்வரை அதை இயக்கிப் பார்ப்பதில்லை. இந்த விதி எங்கும் எழுதப்படவில்லை. எழுதியிருந்தால் யாராவது படித்துச் சிரித்திருப்பார்கள். திரை முதலில் ஒளிர்வது உரியவரின் வீட்டில்தான் நிகழவேண்டும், கடையிலேயே ஒளிர்ந்தால் ராசி கடையோடு தங்கிவிடும் என்பது நம்பிக்கை. தக்காளியை அமுக்கிப் பார்த்து வாங்குகிறவர்கள், செருப்பைப் போட்டு நாலடி நடந்து பார்க்கிறவர்கள், இங்கே மட்டும் கையைக் கட்டிக்கொண்டு வரிசையில் நின்றார்கள்.

வரிசையின் முடிவில் அலைவரிசையார் அமர்ந்திருந்தார். மனிதர் ஒவ்வொருவருக்கும் ஓர் அலை உண்டு, டேப்லெட் ஒவ்வொன்றுக்கும் ஓர் அலை உண்டு, இரண்டும் பொருந்துமிடத்தில் அவர் கையிலிருந்து நூலில் தொங்கும் கல் சாயும் என்பது அவர் நிறுவியிருந்த கோட்பாடு. முன்பு இதே கல்லைக் கொண்டுதான் நிலங்களில் நீரூற்று காட்டினார். கிணறுகள் வறண்டே இருந்தன. அறிவியல் வளரும்போது கல் மட்டும் பின்தங்கலாமா? கணினித்துறைக்கு வந்துவிட்டது.

"போன மாசம் என் மச்சானுக்கு எடுத்துக் குடுத்தாருங்க. ஒரே வாரத்துல நின்னுபோச்சு," என்றார் வரிசையில் நின்ற பெரியவர்.

"அப்புறம்?" என்றார் முன்னால் நின்றவர்.

"அப்புறம் என்ன, மச்சானோட அலை மாறிடுச்சாம். இன்னொண்ணு வாங்க வந்திருக்கோம்."

அவருக்குப் பின்னால் ஒரு தையற்காரியும் அவள் கணவரும் நின்றார்கள். கணவர் பேருந்து நடத்துநர். தொண்டையில் நடந்த அறுவை சிகிச்சை நோயோடு குரலையும் சேர்த்து எடுத்துவிட்டது. நெரிசலில் கடைசி இருக்கைவரை அதட்டிப் பழகியவர், இப்போது பள்ளிப்பிள்ளைபோல் சிலேட்டும் சாக்பீஸுமாக அலைகிறார். எழுதுவதை உரக்கப் படித்துச் சொல்லும் டேப்லெட் ஒன்று இருந்தால் போதும் என்று மருத்துவர் சொல்லியிருந்தார். எழுத்து பெரிதாகத் தெரியவேண்டும். சத்தம் தெருவுக்குக் கேட்கவேண்டும். அவள் சேமிப்பு ஒன்றுக்குத்தான் காணும். அது தவறிப்போனால் அவருக்குச் சாக்பீஸ்தான் கதி.

'சத்தம் கேட்டுப் பார்த்து வாங்கணும்' என்று சிலேட்டில் எழுதிக் காட்டினார்.

"சும்மா இருங்க. ஊரே இங்கதான் வாங்குது," என்றாள் மனைவி.

மேசைமேல் டேப்லெட்டுகள் வரிசையாகக் கிடந்தன. சில கறுப்பு உறை போட்டிருந்தன, சில வெறுமனே கிடந்தன. அலைவரிசையார் கண்ணை மூடினார். மரியாதை நிமித்தம் கூட்டமும் மூடியது. நடத்துநர் மட்டும் மூடவில்லை; கூட்டத்தில் கண்ணை மூடுவது அவர் தொழிலில் வழக்கமில்லை. கல் மெல்ல ஊர்ந்துபோய், உறை போட்ட சின்ன டேப்லெட் ஒன்றின் மேல் சாய்ந்து நடுங்கியது.

"இதுதாம்மா உங்களுக்கு."

பணம் எடுப்பதற்காக அவள் சாவிக்கொத்தை மேசைமேல் வைத்தாள். அலைவரிசையாரின் கையிலிருந்த கல் சட்டென்று சாவிப்பக்கம் சாய்ந்தது. அவர் கண்திறந்து பார்த்தார், அசரவில்லை.

"பாத்தீங்களா! உங்க வீடே சம்மதம் குடுக்குது."

கூட்டம் பெருமூச்சு விட்டது. நடத்துநர் சாவியைப் பார்த்தார், கல்லைப் பார்த்தார். டேப்லெட்டின் உறையைத் திறந்து, கையை எடுத்தார். அதன் விளிம்பு தானாகவே 'டப்' என்று ஒட்டிக்கொண்டது. சிலேட்டில் எழுதினார்: 'காந்தம். இன்னொரு தடவை பார்க்கச் சொல்.'

மனைவி தயங்கினாள். சேமிப்பு இன்னும் அவள் கையில்தான் இருந்தது.

"ஐயா, மனசு கேக்கல. இன்னொரு வாட்டி பாத்துச் சொல்லுங்களேன்."

"தாராளமா, தாயி."

கண்கள் மூடின. நடத்துநர் உறையைக் கழற்றித் தன் சிலேட்டுக்கு மாட்டி, மேசையில் வைத்தார். உறையிழந்த டேப்லெட்டுக்கு மேலே கல் அசைவற்றுத் தொங்கியது. சிலேட்டுக்கு மேலே வந்ததும் சாய்ந்து நடுங்கியது.

"அடடா, முன்னைவிட பலமா இழுக்குதே! திரை அப்பழுக்கில்லாதது. சூடே ஏறாது. உங்க வீட்டுக்காரர் குரல் இதுலேர்ந்துதான் வரப்போகுது!"

"சார்ஜ் நிக்குங்களா?"

"நாள் முழுக்க நிக்கும்."

"நிக்கும் நிக்கும், சாக்பீஸ் தீராத வரைக்கும்," என்று அவள் உறையை விரித்துக் காட்டினாள். 'காந்தம்' என்ற எழுத்து அழியாமல் இருந்தது. அடுத்தடுத்த உறைகளை அவளே உருவிப் போட்டாள். உள்ளே இருந்தவை எல்லாம் விற்காமல் தேங்கிய பழைய சரக்கு.

அலைவரிசையார் நூலைக் கல்லில் சுற்றத் தொடங்கினார். கூட்டம் கொதித்தெழவில்லை. "சிலேட்டுக்கும் அலை இருக்கும்போல," என்றார் மச்சானுக்கு வாங்க வந்த பெரியவர். பிறகு நடத்துநரின் கை ஒரு டேப்லெட்டின் பொத்தானை நோக்கிப் போவதைக் கண்டு பதறினார். "என்னமோ போங்க, ஆனா ஆன் மட்டும் பண்ணிடாதீங்க! ராசி போயிடும்!"

நடத்துநர் பொத்தானை அழுத்தினார்.

கல் தேர்ந்தெடுத்த சின்னது கொசுபோல முனகியது. அதை ஒதுக்கிவிட்டு, மேசை ஓரத்தில் உறையில்லாமல் கிடந்த தடியனை இயக்கினார். அழகில்லை; ஆனால் எழுத்து பெரிதாகத் தெரிந்தது. சத்தத்தை முழுவதும் கூட்டிவிட்டு, நிதானமாகத் தட்டினார். கடை முழுவதும் கேட்கும்படி, ஏற்ற இறக்கமில்லாத குரலில், அது பழைய அதட்டலைப் படித்தது:

"கண்ணை மூடிக்கிட்டு வர்றவங்க எல்லாம் இங்கயே இறங்கிக்குங்க. யோசிக்கிறவங்க மட்டும் ஏறுங்க."