ஞாயிற்றுக்கிழமை அம்மா எந்த லாரியில் ஏறுவாள்?

மணவாள நகர்,
24-7-73

அன்பு மகன் நாகமுத்துவுக்கு உன் நைனா ராஜவேலு ஆசி சொல்லி எழுதிக்கொள்வது. இங்கே நானும் உன் அம்மாவும் மாடும் சுகம். லாரிக்குத்தான் சுகமில்லை. ஜோலார்பேட்டையில் உனக்கு வேளைக்குச் சாப்பாடு கிடைக்கிறதா?

வரும் ஞாயிற்றுக்கிழமை தெருப் பெண்களெல்லாம் பெரியபாளையத்தம்மனுக்குப் பொங்கல் வைக்கப் போகிறார்கள். வருடா வருடம் நம் லாரிதான். இந்த வருடம் எதிர்வீட்டுத் தணிகாசலம் புது டீசல் லாரி வாங்கிவிட்டான். பச்சைப் பெயிண்ட், நெற்றியில் ரெண்டு மயில். அவன் ஹாரன் அடித்தால் உன் அம்மா அடுப்பை விட்டுவிட்டு வாசலுக்கு ஓடுகிறாள். நான் அடித்தால் மாடுகூடத் திரும்பிப் பார்ப்பதில்லை. எனக்கு ஒன்றும் பொறாமை இல்லை. சோறுதான் இறங்கவில்லை.

அவன் கண் பட்டுவிடக் கூடாதே என்று போன வெள்ளிக்கிழமை நம் வண்டிக்குத் திருஷ்டி கழித்து, பானெட் முதல் பெட்ரோல் டேங்க் மூடி வரைக்கும் மஞ்சளைக் குழைத்து அப்பிக் குங்குமம் வைத்தேன். மறுநாளே பிடித்தது சனியன். செங்கல் ஏற்றிக்கொண்டு புறப்பட்டால் திருநின்றவூர் வரைகூடப் போகாமல் இருமி இருமி நிற்கிறது. கொஞ்ச நேரம் வைதுவிட்டு ஸ்டார்ட் செய்தால் கிளம்புகிறது, மறுபடியும் நிற்கிறது. கார்பரேட்டருக்குப் பெட்ரோல் சரியாக ஏறவில்லை என்பது எட்டாவது பெயிலான எனக்கே புரிந்தது. பில்டரைக் கழுவினேன். பைப்பை வாயில் வைத்து ஊதினேன். பெட்ரோல் வாய்க்குள் போய், பயத்தில் அன்றைக்கு முழுக்க பீடியே பிடிக்கவில்லை. பம்புக்குப் புது ரப்பர் போட்டேன். அப்போதும் நின்றது.

இன்று காலை நம் வாசலிலேயே நின்றுவிட்டது. தணிகாசலம் வேப்பங்குச்சியை மென்றுகொண்டு வந்தான்.

"இன்னாண்ணே, பெட்ரோல் கீதா, இல்ல தண்ணி ஊத்திகினு ஓட்டுறியா?"

"டேய், வந்து பார்றா!" என்று கோபத்தில் டேங்க் மூடியைத் திருகினேன். புஸ்ஸென்று காற்று உள்ளே போனது. ஸ்டார்ட் செய்ததும் வண்டி உறுமியது. மூடியில் காற்றுப் போவதற்கென்று ஒரு சின்ன ஓட்டை உண்டு. அதை நான்தான் மஞ்சளால் அடைத்து வைத்திருக்கிறேன். காற்று உள்ளே போகாவிட்டால் பெட்ரோல் எப்படி வெளியே வரும்?

உன் அம்மா என்ன சொன்னாள் தெரியுமா? "பாத்தியாய்யா, தணிகாசலம் தம்பி வந்து நின்னதும் வண்டி கெளம்பிச்சு! ஞாயித்திக்கெழம நான் அது வண்டிலதான் போவேன். பேஜாரு புடிச்ச உன் வண்டிய நம்பி, பொங்கப் பானைய தூக்கிகினு நடுரோட்ல நிக்க சொல்றியா?"

மகனே, நீ சொன்னால் கேட்பாள். 'அம்மா, நைனா வண்டியிலேயே போ, தணிகாசலம் பக்கத்தில் உட்காராதே' என்று உடனே ஒரு கார்டு போடு. நான் சொல்லி எழுதியதாகத் தெரிய வேண்டாம்.

பெரியபாளையத்துப் பவானியம்மன் உன்னையும் என் மானத்தையும் காக்கட்டும்.

இப்படிக்கு,
ராஜவேலு

பி.கு.: சட்டைப்பையிலேயே வைத்து, தபாலில் போட மறந்துவிட்டேன். இன்று ஞாயிறு, பெரியபாளையத்திலிருந்து எழுதுகிறேன். உன் அம்மாவைக் கெஞ்சி நம் லாரியிலேயே ஏற்றிவிட்டேன். புறப்படுகிற நேரத்தில் தணிகாசலம், "அண்ணே, என் வண்டிய ஓட்டிப் பாக்குறியா?" என்றான். அடடா, அது ஸ்டியரிங்கா வெண்ணெயா! இங்கே வந்து இறங்கின பிறகுதான் நம் லாரியை யார் ஓட்டி வருகிறார்கள் என்ற யோசனையே வந்தது. முன் சீட்டில் அவன் பக்கத்தில் உன் அம்மா சிரித்துக்கொண்டு வந்து இறங்கினாள். கார்டு போட வேண்டாம். திரும்பிப் போகும்போதும் அவன் வண்டியை நானே ஓட்டுகிறேன் என்று சொல்லிவிட்டேன்.