முகமது அலியா, மைக் டைசனா?

"அலி முன்னாடி டைசன் மூணு ரவுண்டு தாங்க மாட்டாப்ல."

"அதெப்படிங்க? டைசன் ஒரு குத்து விட்டா அலி எந்திரிக்க முடியுங்களா?"

அடுப்படியில் பஜ்ஜி போட்டுக்கொண்டிருந்த ஆனந்தமேரி அடுப்பை அணைத்தாள். மகனுக்குப் பெண் பார்க்க வந்தவரோடு வீட்டுக்காரர் சகாயராஜ் மல்லுக்கு நிற்கிறார். உள்ளே கூப்பிட்டாள்.

"நம்ம நான்சிக்கு இருபத்தொம்போது வயசு. இது நாலாவது எடம். ஞாபகம் இருக்கா?"

சகாயராஜுக்கு பாக்ஸிங்கே தெரியாது. "மாப்ள வீட்ல பாக்ஸிங்னா உசுரு, அதப் பேசுங்க, ஒட்டிக்குவாக" என்று தரகர் சொன்னதால் ரெண்டு நாள் போனில் வீடியோ பார்த்தார். எல்லாம் முகமது அலி. மாப்பிள்ளையின் அப்பா, ஒட்டன்சத்திரத்து சேவியரோ டைசன் பக்கம் சாய்ந்துவிட்டார்.

கூடத்துக்குத் திரும்பினார். "யோசிச்சா டைசன்தான் ஜெயிப்பாருங்க."

"இல்லீங்க, நீங்க சொன்னாப்ல அலிதானுங்க" என்றார் சேவியர், அதே நேரத்தில்.

மறுபடியும் எதிரெதிர்.

சேவியரின் மனைவி லிடியா பேச வாயெடுத்தார். "ஏனுங்க, அலியோட கால்..."

"நீங்க பஜ்ஜி எடுங்கம்மா. இது ஆம்பளைக விசயம்." சகாயராஜ் சேவியரிடம் திரும்பினார். "நானே காலேஜ்ல பாக்ஸிங் ஆடுனவன்."

"எந்த வெயிட்டுங்க?" என்றார் லிடியா.

"அம்பத்தஞ்சு கிலோ. ஹெவி வெயிட்டு."

லிடியாவுக்குப் புரையேறியது.

"காரம் போல. இன்னொரு பஜ்ஜி எடுங்கம்மா" என்றபடி சகாயராஜ் எழுந்து இடது கையை வீசிக் காட்டினார். காபி டம்ளர் பறந்து சேவியரின் வெள்ளை வேட்டியில் கவிழ்ந்தது.

சேவியர் எழுந்தார். "அப்ப கெளம்பறமுங்க."

கதவோரம் நான்சி நின்றிருந்தாள். சகாயராஜால் அவள் முகத்தைப் பார்க்க முடியவில்லை.

"மன்னிச்சிருங்க. எனக்கு ஒண்ணுந் தெரியாது. ஒங்களுக்கு பாக்ஸிங்னா உசுருன்னு தரகர் சொன்னாரு. அதான் நடிச்சேன்."

"எனக்குங்களா? எனக்கு ரத்தம் பாத்தாலே தலை சுத்துங்க. நீங்க ஆசையாப் பேசறீங்களேன்னு..."

லிடியா தட்டைக் கீழே வைத்தார்.

"தரகர் சொன்னது என்னையத்தானுங்க. நான் வாயத் தொறக்கறப்பல்லாம் நீங்க பஜ்ஜிய நீட்டுனீங்க."

நாலு நாளாகிறது. ஒட்டன்சத்திரத்திலிருந்து போன் வரவில்லை. நாளைக்கு சகாயராஜே லிடியாவிடம் பேசப் போகிறார். முதலில் மன்னிப்புக் கேட்பதா, அலியா டைசனா என்று கேட்பதா? விவரம் தெரிந்தவர்கள் தயவுசெய்து இன்றைக்கே பதில் எழுதுங்கள்.