உடம்பு ஒரு கம்பெனி, கண் ஒரு கம்பெனி

மைத்துனர் எடுத்த புகைப்படத்தைத் தன் வீட்டுச் சுவரில் பார்த்துக்கொண்டே நாள்தோறும் காப்பி அருந்த நேர்ந்த எந்த மனிதனும் நெடுங்காலம் நிதானமாக இருந்ததாகச் சான்று இல்லை. நான் ஓராண்டு தாக்குப்பிடித்தேன். அதன் பிறகு நிகழ்ந்தவற்றுக்கு நான் ஒருவன் மட்டுமே பொறுப்பல்லன் என்பதை வாசகர்கள் ஒப்புக்கொள்வார்கள் என நம்புகிறேன். (ஒப்புக்கொள்ளாவிட்டாலும் பாதகமில்லை. என் மனைவியே இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை.)

என் மனைவி தங்கக்கனியின் தம்பி செல்வராசு, தூத்துக்குடித் துறைமுகத்தில் கிரேன் இயக்கி விருப்ப ஓய்வு பெற்றவர். ஓய்வுக்குப் பின் ஒரு கேமரா வாங்கி, உப்பளங்களுக்கு வரும் பூநாரைகளைப் படமெடுக்கத் தொடங்கினார். அவற்றுள் ஒன்றைப் பெரிதாக அச்சிட்டுச் சட்டமிட்டுத் தம் அக்காவுக்குப் பரிசளித்தார். எங்கள் திருமணப் படம் தொங்கிய அதே ஆணியில் அந்தப் பூநாரை ஏறியது. கேஸ் சிலிண்டர் கொண்டுவருபவர் வந்தாலும் சரி, கேபிள்காரர் வந்தாலும் சரி, “எந் தம்பி எடுத்ததுல்லா” என்று தங்கக்கனி தொடங்கிவிடுவாள். ‘நீங்கள் என்ன எடுத்திருக்கிறீர்கள்?’ என்று எவரும் என்னைக் கேட்டதில்லை. ஆயினும் அந்தக் கேள்வி எங்கள் வரவேற்பறையில், அந்தப் பறவையைப் போலவே, ஒற்றைக்காலில் நின்றுகொண்டிருந்தது.

ஆகவே நானும் ஒரு கேமரா வாங்குவது என்று முடிவு செய்தேன். அப்போது எனக்கு அறுபது நிறைந்திருந்தது; அறிவு நிறைய இன்னும் காலம் இருந்தது.

நான் பலசரக்கு வியாபாரி. ஆராயாமல் ஒரு படி கடுகுகூட வாங்கியறியேன். மதியம் கடையில் கூட்டம் ஓய்ந்ததும் கல்லாவில் அமர்ந்து கைப்பேசியில் கேமரா பற்றிய காணொளிகளைப் பார்க்கலானேன். அடடா, அந்த நாட்களின் பரவசத்தை என்னவென்று சொல்வேன்! உளுந்து கேட்டவருக்குப் பாசிப்பயறு நிறுத்தேன். சீரகம் கேட்டவரிடம், ‘ஃபுல் பிரேம்’ என்றால் என்னவென்று விளக்கினேன். கேமராவுக்குள் ஒளியை வாங்கும் சென்சார் என்றொரு தகடு இருக்கிறது. சிறிய கேமராக்களில் அது சிறியது. ஃபுல் பிரேமில் பழைய பிலிம் அளவுக்குப் பெரியது. நம் ஊர்க்காரருக்கு இதைப் புரியவைப்பது எளிது. பாத்தி பெரிதானால் வாங்கும் வெயிலும் பெரிது, விளையும் உப்பும் மிகுதி. அவ்வளவுதான். சீரகம் வாங்க வந்த அம்மையார் பொறுமையாகக் கேட்டுவிட்டு, “சரி அண்ணாச்சி, சீரகம் இருக்கா இல்லியா?” என்றார்.

போட்டியில் மூன்று கம்பெனிகள் இருந்தன. பெயர்களைச் சொன்னால் குடும்பத்தில் மீண்டும் சச்சரவு எழும் என்பதால், அவற்றைச் சிவப்பு, மஞ்சள், ஆரஞ்சு என்று மட்டும் குறிக்கிறேன். செல்வராசு சிவப்புக்காரர். சிவப்பைத் தவிர மற்றவற்றை அவர் கேமரா என்றே ஏற்பதில்லை. “மத்ததெல்லாம் வெளையாட்டுச் சாமான் அத்தான்” என்பார். அதற்காகவே சிவப்பை ஒதுக்க எண்ணினேன். ஆனால் ஒரு நீதிமானுக்குரிய நடுநிலையோடு ஆராய்ந்தபோது மூன்று உண்மைகள் தெளிவாயின. மனிதரின் கண்ணைத் தேடிப் பிடித்து நிற்பதில் ஆரஞ்சின் உடம்பு, அதாவது லென்ஸ் நீங்கலான கேமராப் பெட்டி, சிறந்தது. முகத்தின் நிறத்தை இதமாகக் காட்டுவதில் சிவப்பின் லென்ஸ், அதிலும் கையால் திருகும் பழைய கனத்த வகை, சிறந்தது. பிளாஷ் விளக்குக்கு மஞ்சளே மேல் என்று ஒரு காணொளிக்காரர் ஏறக்குறையக் கண்ணீர் மல்கக் கூறினார்.

இந்த இடத்தில் வேறொருவராக இருந்தால் மூன்றில் ஒன்றைத் தேர்ந்தெடுத்திருப்பார். நானோ வியாபாரி. கருப்பட்டிக்கு உடன்குடி, வற்றலுக்கு விளாத்திகுளம் என்று சரக்குக்கு ஓர் ஊராகப் பார்த்து வாங்குபவன். எல்லாச் சரக்கையும் ஒரே மண்டியில் எடுப்பவன் சோம்பேறி என்பது எங்கள் தொழிலின் பாலபாடம். எனவே உடம்பை ஆரஞ்சிலும், லென்ஸைச் சிவப்பிலும், பிளாஷை மஞ்சளிலும் வாங்கினேன். மூன்றும் மூன்று ஊர்க் கடைகளில்! உலகப் பெருங்கம்பெனிகள் மூன்றையும் ஒரே பைக்குள் கட்டிப்போட்ட முதல் மனிதன் நானாகத்தான் இருப்பேன் என்று பேருந்தில் எனக்கு நானே சிரித்துக்கொண்டு வந்தேன். (முதல் மனிதன் என்பதில் இன்றும் எனக்கு ஐயமில்லை.)

மதுரைக் கடைக்காரர் லென்ஸை எடுத்து வைத்துவிட்டு, “எந்த பாடிக்கு சார்?” என்று கேட்கத்தான் செய்தார். வீட்டில் இருக்கும் சரக்கை எதிராளியிடம் வெளிப்படுத்துபவன் விலை பேச இயலாது. ஆதலால் நான் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு, “நல்ல பாடிதான். நீங்க வெலையச் சொல்லுங்க” என்றேன். அவர் அதற்குமேல் கேட்கவில்லை. நான் வென்றுவிட்டதாக எண்ணினேன்.

வீட்டுக்கு வந்ததும் பெட்டிகளைப் பிரிக்க விடாமல் தங்கக்கனி பறித்துக்கொண்டாள். “புதுச் சாமான நல்ல காரியத்துலதான் மொதல்ல தொறக்கணும்” என்று மூன்றையும் பூசை அறையில், சாமி படத்துக்குக் கீழே அடுக்கிவிட்டாள். நல்ல காரியமும் அருகிலேயே இருந்தது. என் தங்கை பாக்கியத்தின் மகள் சுபாவுக்கு நிச்சயதார்த்தம்.

மாப்பிள்ளை கார்த்திக், சரக்குக் கப்பலில் எஞ்சினியர். நிச்சயம் முடிந்த மறுநாளே கொச்சிக்குப் போய்க் கப்பல் ஏற வேண்டும். திரும்பி வருவது திருமணத்துக்குத்தான். அதனால் தட்டு மாற்றும் வேளையில் இருவரும் சேர்ந்து நிற்கும் ஒரு நல்ல படம் வேண்டும், அதை அவர் கையோடு கொண்டுபோக வேண்டும் என்பது சுபாவின் ஒரே விருப்பம். பாக்கியம் ஸ்டுடியோவுக்குச் சொல்லியிருந்தாள். நான் அதை ரத்து செய்யவைத்தேன்.

“அண்ணே, ஒங்களுக்கு இது மொதத் தடவையில்லா?”

“ஏளா, நான் பாக்காத காணொளி இல்ல. பேசாம இரு.”

அன்று காலை மண்டபத்தில் மேலும் இரண்டு கட்டளைகள் பிறப்பித்தேன். உறவினர் அனைவரும் கைப்பேசிகளைப் பைக்குள் வைத்துவிட வேண்டும். செல்வராசு தம் கேமராவை வீட்டிலேயே விட்டுவிட்டு வர வேண்டும். அவர் வெறுங்கையோடு வந்து முன்வரிசையில் அமர்ந்தார். அவருடைய அந்தப் பணிவிலேயே எனக்கு எச்சரிக்கை தோன்றியிருக்க வேண்டும்.

நல்ல நேரம் பிறந்தது. தங்கக்கனி பெட்டிகளுக்குச் சந்தனம், குங்குமம் இட்டுச் சூடம் காட்டினாள். மாப்பிள்ளை வீட்டாரும் எழுந்து நின்று கும்பிட்டார்கள். உடம்பை எடுத்தேன், மூடியைக் கழற்றினேன். லென்ஸை எடுத்தேன், பொருத்தினேன். பொருந்தவில்லை.

வலப்புறம் திருகினேன். இடப்புறம் திருகினேன். திறக்காத ஊறுகாய்ப் புட்டியை என் வாடிக்கையாளர்களுக்கு எத்தனையோ முறை திறந்து கொடுத்தவன் நான். அந்த அனுபவம் முழுவதையும் அதன்மேல் செலுத்தினேன். வாயில் வாய் உட்காரவே இல்லை.

“அண்ணாச்சி, பழுதா?” என்றார் மாப்பிள்ளையின் தந்தை.

“இல்லீங்க. புதுசு. கொஞ்சம் இறுக்கமா இருக்கு” என்று கூறிவிட்டு, தங்கக்கனியிடம் தாழ்ந்த குரலில், “ஏளா, தேங்காண்ணெ ஒரு சொட்டு கெடைக்குமா?” என்றேன்.

அந்த வார்த்தை காதில் விழுந்ததும் செல்வராசு இருக்கையிலிருந்து எழுந்து பாய்ந்து வந்தார். “அத்தான், எண்ணெய் வேண்டாம்! கொண்டாங்க இங்கன.” வாங்கிப் பார்த்தார். உடம்பைப் பார்த்தார். லென்ஸைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார். ஒரு மருத்துவர் உறவினரை வெளியே அழைத்துச் சொல்லும் குரலில், “அத்தான், இது ஆரஞ்சு. இது செவப்பு” என்றார்.

“ஆமா. ரெண்டும் நல்ல சரக்கு.”

“நல்ல சரக்குதான். ஒங்க பல்செட்டும் நல்ல சரக்குதான். அத நான் மாட்டிக்கிட முடியுமா?”

முன்வரிசை சிரித்தது. கடைசி வரிசை, என்னவென்று முன்வரிசையைக் கேட்டுத் தெரிந்துகொண்டு பின்னர் சிரித்தது. இடையில் நான் பிளாஷை மேலே பொருத்திப் பார்த்தேன். அது மட்டும் கௌரவமாக ஏறி அமர்ந்தது. ஆனால் எதற்கும் மின்னவில்லை.

“அண்ணே, ராகு காலம் வந்துரும்” என்றாள் பாக்கியம். அவள் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் எனக்குச் சற்று ஆறுதலாக இருந்திருக்கும். சுபாவோ கட்டியிருந்த பட்டின் முந்தானையை விரலில் சுற்றிக்கொண்டிருந்தாள்.

அந்த விரலை செல்வராசும் பார்த்தார் போலும். கேமராவின் பொத்தான்களை மளமளவென்று அழுத்தி, லென்ஸ் இல்லாமலேயே படம் விழும்படி எதையோ மாற்றினார். “அத்தான், நீங்க கேமராவ ஆடாமப் புடிங்க. லென்ஸ நான் முன்னால கையில ஏந்திக்கிடுதேன். நான் இப்பம்னு சொன்னதும் அமுக்குங்க. மூச்சு விடாதிய.”

ஆக, தட்டு மாற்றும் அந்தப் புனித வேளையில், இரு வீட்டாரின் முன்னிலையில், இரண்டு முதியவர்கள் கன்னத்தோடு கன்னம் ஒட்டி நின்றோம். நான் ஆரஞ்சைப் பிடித்திருந்தேன். அவர் சிவப்பைப் பிடித்திருந்தார். இடைவெளியில் வெளிச்சம் புகாதிருக்க என் தோள்துண்டை எங்கள் இருவர் தலைமேலும் தங்கக்கனி போர்த்தினாள். துண்டுக்குள் மைத்துனரின் சவரத் தைல மணமும் என் வியர்வையும் இரண்டறக் கலந்தன.

“முன்னால வாங்க அத்தான்.”

“எங்கன வர? ஒன் மூக்கு இடிக்கி மாப்ள.”

“மூக்கக் கழத்தவா முடியும்? இப்பம்!”

அமுக்கினேன். “இப்பம்! இப்பம்!” மேலும் மேலும் அமுக்கினேன். என் வாழ்நாளில் அத்தகைய உற்சாகத்தை நான் அறிந்ததில்லை. துண்டுக்கு வெளியே மண்டபம் அதிர்ந்தது. எங்கள் திறமைக்குக் கிடைத்த ஆரவாரம் என்று எண்ணினேன்.

துண்டை விலக்கியபோதுதான் விளங்கியது. நான் பைக்குள் வைக்கச்சொன்ன கைப்பேசிகள் அத்தனையும் வெளியே வந்து உயர்ந்து நின்றன. ஆனால் அவற்றுள் ஒன்றுகூட மணமக்களை நோக்கி இல்லை. எல்லாம் எங்களை நோக்கி இருந்தன. துண்டுக்குள் இருந்து புறப்பட்ட நான்கு கால்களையும் எல்லாக் கோணங்களிலும் எடுத்துத் தள்ளியிருந்தார்கள். மாப்பிள்ளையின் தந்தையும் எடுத்திருந்தார். தட்டோ மாறிவிட்டது, அதை எவரும் எடுக்கவில்லை. நல்ல நேரமும் முடிந்திருந்தது.

எனவே அந்த வேளைக்கு உலகில் எஞ்சியிருந்த சான்று எங்கள் கேமராவுக்குள் மட்டுமே இருந்தது. பாக்கியம், சுபா, கார்த்திக், நாங்கள் இருவர் என எல்லோரும் அந்தச் சிறிய திரையைச் சூழ்ந்துகொண்டோம். முதல் படத்தில் பனிமூட்டம். இரண்டாவதில் செல்வராசின் கட்டைவிரல், மிகத் தெளிவாக. அடுத்தடுத்து மூட்டமும் விரலும் மாறி மாறி வந்தன. பாக்கியம் மெல்ல முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

கடைசிக்கு முந்தைய படத்தில் சுபா இருந்தாள். எங்களைப் பார்த்து வாய்விட்டுச் சிரித்துக்கொண்டிருந்தாள். கண்ணின் ஈரமும் மூக்குத்தியின் மினுக்கமும்கூடப் பதிந்திருந்தன. அவளைச் சுற்றி எல்லாம் கரைந்து, ஓரத்தில் புகுந்த வெளிச்சம் மஞ்சள் பூசியிருந்தது. அவளருகே பழுப்பாக ஒரு மேகம் நின்றது. அதுதான் மாப்பிள்ளை.

“மாப்பிள்ள, மன்னிக்கணும். ஒங்க முகம் விழல” என்றேன்.

கார்த்திக் அந்தத் திரையிலிருந்து கண்ணை எடுக்காமலே சொன்னார்: “எம் மூஞ்சிய எனக்கு எதுக்கு மாமா? அதப் பாக்கக் கப்பல்ல கண்ணாடி இருக்கு. எனக்கு இது போதும்.”

சுபா மறுபடியும் முந்தானையை விரலில் சுற்றினாள். இம்முறை காரணம் வேறு. அன்று மாலையே அந்தப் படத்தை அச்சிட்டு வாங்கி வந்து கொடுத்தோம். அது அவருடன் கப்பல் ஏறியது. அதற்கு முன், மதியப் பந்தியில் நான் மூன்றாவது முறை பாயசம் கேட்டபோது, என் கழுத்தில் தொங்கிய கேமராவின் மேலிருந்த மஞ்சள் பிளாஷ் திடீரென்று தானாகவே ஒருமுறை மின்னியது. பரிமாறியவர் பயந்துபோய் இலை நிறைய ஊற்றிவிட்டார்.

பின்னர் லென்ஸைச் செல்வராசே எடுத்துக்கொண்டார். அவருடைய உடம்பில் அது அழகாகப் பொருந்தியது. எனக்கேற்ற லென்ஸை, அவரே கூட வந்து, ஆரஞ்சிலேயே வாங்கித் தந்தார். (கடைக்குள் நான் வாய் திறக்கக் கூடாது என்பது நிபந்தனை.) இப்போது இருவரும் விடியலில் ஒரே ஸ்கூட்டரில் உப்பளத்துக்குப் போகிறோம். எது உயர்ந்த கம்பெனி என்ற வாதம் போகும்போது தொடங்கி, பறவைகள் பறந்துபோகும் வரை நீடிக்கிறது.

ஆனால் எங்கள் உறவினர் வட்டத்தில் எனக்கென்று தனியாக ஒரு மரியாதை இல்லாமற்போயிற்று. பெயர்வைப்பு, காதுகுத்து, புதுமனை புகுவிழா என எந்த வீட்டு விசேஷத்துக்கும் நான் ஒருவனாகப் படியேறினால், வாசலில் சந்தனக் கிண்ணத்தோடு நிற்பவர்கள் என் தோளுக்குப் பின்னால் எட்டிப் பார்த்துவிட்டுத்தான் வரவேற்கிறார்கள்.

“வாங்க அண்ணாச்சி. லென்ஸ் வரலியா?”

“பின்னால வாராரு” என்று சொல்லிவிட்டு, செருப்பைக் கழற்றுகிறேன்.