பிள்ளையில்லாதவர்களுக்கு முப்பது மணி நேரம்

ஒரு காட்டில் நடந்ததாம் இது. நடந்தது என்று அடித்துச் சொல்ல முடியாது. சொன்னது ஒரு தவிட்டுக்குருவி. அதற்குச் சொன்னது அதன் சித்தி மகள். தவிட்டுக்குருவிகள் ஏழெட்டாகக் கூடி ஒரே சமயத்தில் பேசும் என்பதால், எதை யார் சொன்னது என்பதில் கொஞ்சம் குழப்பம் இருக்கலாம். நடந்த வரிசை மட்டும் மாறவில்லை என்று குருவி உறுதி சொன்னது.

அந்தக் காட்டில் ஒரு மேல்நிலைப் பள்ளி இருந்தது. அதில் பன்னிரண்டாம் வகுப்பில் சிலம்பாயி என்ற முள்ளம்பன்றி படித்தாள். அவள் வளையில் யாரும் ஐந்தாம் வகுப்பைத் தாண்டியதில்லை. அதனால் பள்ளியிலிருந்து எந்தத் தாள் வந்தாலும் அவளுக்குப் பயம். நான்கு முறை படிப்பாள். படித்தபின் பின்பக்கத்தையும் திருப்பிப் பார்ப்பாள்.

பொதுத்தேர்வுக்கு ஒரு மாதம் இருக்கும்போது அப்படி ஒரு தாள் வந்தது. ஒவ்வொரு மாணவரும் முப்பது மணி நேரம் சமூக சேவை செய்து, சேவை பெற்றவரிடம் கால்தடம் வாங்கிவர வேண்டும். வாங்கிவராதவருக்கு ஹால் டிக்கெட் கிடையாது என்று அதில் இருந்தது. பின்பக்கம் வெறுமையாக இருந்தது. அது அவளை இன்னும் பயமுறுத்தியது.

மற்ற மாணவர்கள் மரக்கன்று நடலாம் என்று கிளம்பினார்கள். இரண்டு நாள் அலைந்தார்கள். அது காடு என்பதால் மரம் நட இடமே கிடைக்கவில்லை.

சிலம்பாயி நேராகப் பள்ளி அலுவலகத்துக்குப் போனாள். அங்கே எழுத்தராக இருந்தவர் ஓர் அழுங்கு. உடம்பெல்லாம் செதில். ஒரு கேள்விக்குப் பதில் சொல்வார், இரண்டாவதற்கு யோசிப்பார், மூன்றாவது வந்தால் சுருண்டு உருண்டையாகிவிடுவார்.

"சார், எங்கப்பாவுக்குக் கால் சரியில்லைங்க. தினமும் நான்தான் கிழங்கு தோண்டிக் கொடுத்து, தண்ணி கொண்டாந்து, காலுக்குப் பச்சிலை கட்டிவிடறேன். அதை இதுல எழுதலாங்களா?"

"யாரோட அப்பா?"

"எங்கப்பாதாங்க சார்."

"அப்ப அது சேவை இல்ல. கடமை. கடமைக்குப் படிவம் கிடையாது."

"வேற யாராவது எங்கப்பாவுக்கு அதையே செஞ்சா?"

அழுங்கு யோசித்தார். "அது சேவை."

"அப்படின்னா சார்..."

மேஜைமேல் ஓர் உருண்டை இருந்தது.

வெளியே வந்தவளை வாசலில் பிடித்துக்கொண்டான் பூவரசன். அவள் வகுப்புக் கீரி. அவன் முகமும் அவள் முகம் போலவே வாடியிருந்தது. அவன் அம்மா நாச்சம்மாளுக்குப் புதிதாக ஆறு குட்டிகள். பள்ளி விட்டதும் அவற்றை மேய்ப்பது அவன் வேலை. சேவைக்கு நேரமே இல்லை.

"உங்க வீட்ல எவ்வளவு நேர வேலை?" என்று கேட்டாள் சிலம்பாயி.

"சாயங்காலம் ரெண்டு மணி நேரம்."

"எங்க வீட்லயும் ரெண்டு."

அழுங்கு சொன்னதை அவள் அவனுக்குச் சொன்னாள். அன்று சாயங்காலம் பூவரசன் முள்ளம்பன்றி வளைக்குப் போனான். சிலம்பாயி கீரிப் பொந்துக்குப் போனாள்.

கீரிக்குட்டிகள் பூவரசன் முதுகில் ஏறி வாலைக் கடிக்கும். சிலம்பாயி முதுகில் ஏற ஒன்றுக்கும் துணிச்சல் வரவில்லை. ஆறும் வரிசையாக உட்கார்ந்து, அவள் சொன்ன எண்களைத் திருப்பிச் சொன்னதைப் பார்த்து நாச்சம்மாள் வாயில் கைவைத்தாள். கால்தடம் வாங்க வேண்டியிருந்ததால் சிலம்பாயி போகும்போது, "வேற ஏதாவது வேலை இருக்குங்களா அத்தை?" என்றும் கேட்டாள்.

"அடி ஆத்தா! இந்தக் கேள்வியை எம்மவன் ஒருநாள் கேட்டிருப்பானா?" என்றாள் நாச்சம்மாள்.

சிலம்பாயிக்குப் பெருமையாக இருந்தது. வீட்டுக்கு வந்ததும் அது போய்விட்டது.

வளைக்குள்ளிருந்து அப்பா மாரப்பனின் குரல் கேட்டது. சிறுத்தைக் கதை. வாலிபத்தில் ஒரு சிறுத்தையை மூக்கில் குத்தித் துரத்திய கதையை அவர் அவளுக்கு நூறு முறையாவது சொல்லியிருப்பார். சில வருஷமாக அவர், "அன்னிக்கு ஒருநாள்..." என்று தொடங்கினாலே, "தெரியும்ப்பா" என்று சொல்லிவிட்டுக் கிழங்கைத் தோலுரிக்கப் போய்விடுவாள்.

உள்ளே பூவரசன், "அப்புறம் என்ன ஆச்சுங்க மாமா?" என்றான்.

"அப்புறமா? கேளு சொல்றேன். அது அப்படியே பம்மிச்சு பாரு..."

"ஐயோ! நீங்க பயப்படலயா?"

"பயமா? நல்லாக் கேட்டே போ!" அப்பா சிரித்தார். அந்தச் சிரிப்பைச் சிலம்பாயி கேட்டு நாளாகியிருந்தது. மீதிக் கதை சரியாகக் காதில் விழவில்லை, ஆனாலும் அது முடியும்வரை அவள் வெளியிலேயே நின்றாள்.

மறுநாள் வகுப்பில் அவள் பூவரசனிடம் கேட்டாள். "சிறுத்தைக்கு எந்தப் பக்கம் குத்தினாராம்?"

"ரெண்டு பக்கமும். முதல்ல மூக்கு, ஓடும்போது பின்னாடி. உனக்குத் தெரியாதா?"

"எங்கிட்ட மூக்கோட நிறுத்திருவாரு."

"நீ கேட்டிருக்க மாட்டே," என்றான் பூவரசன். பிறகு மெதுவாக, "எங்கம்மா உன்னைப் பத்தியே பேசுது. தட்டைக் கழுவி வச்சியாமே. எதுக்கு அதெல்லாம்? எனக்குச் சங்கடம் ஆகுதில்ல?" என்றான்.

விஷயம் வகுப்பு முழுக்கப் பரவ இரண்டு நாள் ஆனது. நாற்பத்தொரு மாணவர்களும் வீடு மாற்றிக்கொண்டார்கள். நரிப்பிள்ளை முயல் வீட்டில் வேலை பார்ப்பதில் முதலில் சில பெற்றோர் தயங்கினார்கள். ஆனால் கால்தடம் வாங்க வேண்டிய நரி எவ்வளவு அடக்கமாக இருக்கும் என்பது அதற்கு முன் யாருக்கும் தெரிந்திருக்கவில்லை. காடு முழுக்க, "உட்காருங்க, நான் எடுத்துத் தரேன்" என்ற பேச்சாக இருந்தது.

பதினைந்து நாளில் எல்லாருக்கும் முப்பது மணி நேரம் முடிந்தது. படிவங்கள் அலுவலகத்துக்குப் போயின. மறுநாளே திரும்பி வந்தன. ஒவ்வொன்றின் மேலும் ஒரு துண்டுச் சீட்டு: சேவை பெற்றவர் ஆதரவற்றவர் என்பதற்கு உறுதிமொழி இணைக்கவும். உறுதிமொழியின் வாசகமும் தரப்பட்டிருந்தது. "எனக்குப் பிள்ளைகள் இல்லை. என்னைக் கவனிக்க உறவினர் எவருமில்லை." கடைசி நாள், நாளை.

நாச்சம்மாள் யோசிக்கவில்லை. ஒரு குட்டி தலையிலும் இரண்டு தோளிலுமாக இருக்க, "எனக்குப் பிள்ளைகள் இல்லை" என்பதன் கீழே காலை அழுத்தி வைத்தாள்.

"அம்மா, அப்ப நாங்க?" என்றது தலையில் இருந்த குட்டி.

"பக்கத்து வீட்டுப் பிள்ளைங்க. பேசாம இரு, மை பூசிக்காதே."

மாரப்பனுக்குப் படிக்கத் தெரியாது. சிலம்பாயிதான் படித்துக் காட்ட வேண்டும். வேறு எதையாவது சொல்லிக் கால்தடம் வாங்கிவிடலாம். பூவரசன் அதைத்தான் சொன்னான். அவளுக்கு அது வரவில்லை. தொண்டையைச் செருமிக்கொண்டு உள்ளபடி படித்தாள்.

அப்பா கேட்டார்:

"இதுக்குத் தடம் வச்சா?"

"பூவரசன் பரீட்சை எழுதலாம்ப்பா. அவங்கம்மா இதே மாதிரி வச்சுக் குடுத்துட்டாங்க. அதனால நானும் எழுதலாம்."

"வைக்கலேன்னா?"

"அவன் எழுத முடியாது. அவன் எழுத முடியாம நான் மட்டும் எப்படிப் போறது?"

"அப்ப எனக்குப் பிள்ளைங்க இல்ல," என்றார் மாரப்பன். "மையைக் கொண்டா, ஆத்தா."

நாற்பத்தொரு உறுதிமொழிகளும் நேரத்துக்குள் போய்ச் சேர்ந்தன. அழுங்கு ஒவ்வொன்றாக முத்திரை குத்தினார். பிறகு ஹால் டிக்கெட் எழுத மாணவர் சேர்க்கைப் பதிவேட்டைத் திறந்தார். திறந்தவர் சிலம்பாயியைக் கூப்பிட்டு அனுப்பினார்.

"உன் அப்பா பேரு?"

"மாரப்பன் சார்."

"மாரப்பனுக்குப் பிள்ளை இல்லைன்னு இங்க உறுதிமொழி இருக்கு. அப்ப நீ யாரு?"

சிலம்பாயியின் முட்கள் ஒவ்வொன்றாக எழுந்து நின்றன. ஜன்னலுக்கு வெளியே பூவரசன் வாலாலேயே வேண்டாம் என்று சைகை காட்டினான். இவ்வளவு தூரம் வந்துவிட்டு ஹால் டிக்கெட்டைத் தொலைக்கப்போகிறோம் என்று அவளுக்குத் தெரிந்தது. ஆனாலும் அந்தக் கேள்விக்கு அவளிடம் ஒரு பதில்தான் இருந்தது.

"நான் அவரு பொண்ணுதான் சார். அந்தப் படிவம்தான் பொய். எல்லாருது படிவமும் பொய்தான். எங்கப்பாவுக்கு நான் இருக்கேன்."

அழுங்கு சுருண்டுவிட்டார். உருண்டைக்குள்ளிருந்து குரல் மட்டும் வந்தது.

"படிவம் பொய்யா இருக்க முடியாது. முத்திரை குத்தியாச்சு."

"அப்ப பதிவேடு, சார்?"

"பதிவேட்டுக்கு முத்திரை இல்ல. பென்சில்தான்."

உருண்டை மெல்ல விரிந்தது. ஒரு ரப்பர் வெளியே வந்தது. மாரப்பன் என்ற பெயர் அழிந்தது. அந்த இடத்தில் "யாருமில்லை" என்று எழுதப்பட்டது. அழுங்கு அதே வேகத்தில் நாற்பத்தொரு பேருக்கும் அதைச் செய்தார். ஒரு வகுப்பே ஆதரவற்ற மாணவர்களின் வகுப்பானது. ஆதரவற்ற மாணவர்களுக்கு என்ன விதி என்று அவர் அலமாரியைத் துழாவி ஒரு பழைய சுற்றறிக்கையை எடுத்தார்.

"ஆதரவற்றவங்க சேவை செய்ய வேண்டியதில்ல," என்று வாசித்தார். "சேவை பெற வேண்டியவங்க. உடனே ஹால் டிக்கெட் வழங்கவும்."

சிலம்பாயி இரண்டு கையாலும் அதை வாங்கிக்கொண்டாள். நான்கு முறை படித்தாள். அவள் பெயர், வகுப்பு, வரிசை எண் எல்லாம் சரியாக இருந்தன. நிம்மதியாகப் போயிருக்கலாம். அவளால் முடியவில்லை.

"சார், அப்ப நான் செஞ்ச முப்பது மணி நேரம்?"

அழுங்கு படிவத்தில் 'செய்த' என்ற சொல்லை அடித்துவிட்டு 'பெற்ற' என்று எழுதினார். "இப்ப சரியாப் போச்சு," என்றார்.

அன்று சாயங்காலம் சிலம்பாயி தன் வளைக்கே போனாள். ஹால் டிக்கெட்டை அப்பாவிடம் காட்டினாள். அவர் அதைத் தலைகீழாகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தார். அவள் கிழங்கைத் தோலுரித்து அவர் பக்கத்தில் உட்கார்ந்து, "அந்தச் சிறுத்தை ஓடும்போது என்ன ஆச்சுங்க?" என்று கேட்டாள்.

"யாரும்மா நீ?" என்றார் மாரப்பன், முகத்தைக் கறாராக வைத்துக்கொண்டு.

"சேவைக்கு வந்திருக்கேன் மாமா."

"நல்ல பிள்ளை. உட்காரு, சொல்றேன்."

நாற்பத்தொருவரும் தேர்வு எழுதினார்கள். நாற்பத்தொருவரும் தேறினார்கள் என்று குருவி சொன்னது. அதை உறுதிசெய்ய முடியவில்லை. ஆனால் இன்னொன்றைப் பிறகு விசாரித்துப் பார்த்ததில் சரியாகவே இருந்தது. ஒரே காட்டில் பிள்ளையில்லாத பெற்றோர் இத்தனை பேர், பெற்றோரில்லாத பிள்ளைகள் இத்தனை பேர் என்று கணக்குப் போனதும், மேலிடம் பதறிப்போய் அங்கே ஒரு முதியோர் இல்லமும் ஓர் ஆதரவற்ற சிறார் இல்லமும் திறந்திருக்கிறது. இரண்டும் ஒரே ஆலமரத்தில்தான் இயங்குகின்றன. வாசல் ஒன்று, சமையல் ஒன்று. மாரப்பனும் சிலம்பாயியும் அங்கே ஒரே பொந்தில் இருக்கிறார்கள். பக்கத்துப் பொந்தில் நாச்சம்மாள், பூவரசன், பக்கத்து வீட்டுப் பிள்ளைகள் ஆறு பேர்.

நீதி: குடும்பம் பிரியாமல் ஒன்றாக வாழ விரும்புவோர், தங்களுக்குள் எந்த உறவும் இல்லை என்று உரிய நேரத்தில் முத்திரையோடு எழுதிக் கொடுத்துவிட வேண்டும்.